வீட்டுப் பக்கத்துல டெவலப்மெண்ட் வருதா? கேஎல்ல (கோலாலம்பூர்ல) நிலம், பிளான், இடிச்சுக் கட்டுறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கம்போங் பாண்டான் பக்கம் பிளாட் கூட்டங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள் இது. டவுன் பிளானிங் படிச்சவன்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீட்டுல சாப்பாட்டு இலைக்கு முன்னால உக்காந்திருந்தா கூட பக்கத்துல வந்து கேப்பாங்க. அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

டிபிகேஎல் (கேஎல் மாநகராட்சி) "பிளான்"னு எல்லாரும் சொல்றாங்களே, அது எந்த பிளான்?

ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸ்ட்ரக்சர் பிளான், மலாய்ல பெலான் ஸ்ட்ருக்தூர். இது ஊரு எந்தப் பக்கம் போகணும்னு கொள்கை சொல்ற புத்தகம். இன்னொண்ணு லோக்கல் பிளான், பெலான் தெம்பாத்தான். இதுலதான் உங்க லொத் (மனை) என்ன கலர், அங்க வீடா கடையா பூங்காவா, எவ்வளவு உயரம் கட்டலாம்னு மேப் போட்டு வச்சிருப்பாங்க. உங்க வாழ்க்கையில கை வைக்கிறது இந்த ரெண்டாவதுதான்.

கேஎல்லுக்குன்னு தனிச் சட்டம், 1982 கூட்டரசுப் பிரதேச திட்டமிடல் சட்டம், ஆக்ட் 267. பினாங்கு, சிலாங்கூர், பேராக்குக்கெல்லாம் 1976 சட்டம், ஆக்ட் 172. பினாங்குல இருக்கிற மச்சான் சொன்ன யோசனை இங்க அப்படியே செல்லாம போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கூத்து சொல்றேன். கேஎல் சிட்டி பிளான் 2020ன்னு ஒண்ணு, டிராஃப்ட் வந்தது 2008ல, கெஜட் ஆனது (அரசிதழ்ல வந்து சட்டபூர்வமானது) 2018 அக்டோபர்ல. 2020 வரைக்குமான பிளான் 2018ல உயிருக்கு வருது. நடுவுல பத்து வருசம் டிராஃப்டாவே கிடந்துச்சு, அந்த பத்து வருசத்துல கட்டடம் மட்டும் நிக்காம ஏறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப இருக்கிற ஸ்ட்ரக்சர் பிளான் 2040, 2023ல வந்தது. லோக்கல் பிளான் 2040 டிராஃப்ட 2024 ஜனவரியில மக்கள் பார்வைக்கு வச்சாங்க, 2025ல அமலுக்கு வந்துருச்சு.

அந்த டிராஃப்ட் கண்காட்சிக்கு போய் நமக்கு என்ன ஆகப்போகுது?

எல்லாமே அங்கதான் ஆகும். நம்ம ஆளுங்க திரண்டு நிக்கிறது எப்பன்னா புல்டோசர் வந்த அன்னிக்கு. பேனர், மீடியா, ஒய்பி (எம்பி மாதிரி மக்கள் பிரதிநிதி), கண்ணீர் எல்லாம் அன்னிக்குத்தான். ஆனா அந்த இடத்துக்கு புல்டோசர் வரலாம்னு முடிவானது அதுக்கு நாலஞ்சு வருசம் முந்தி, ஏதோ ஒரு ஹால்ல ஒட்டி வச்சிருந்த மேப்புல மஞ்சள் கலரு வேற கலரா மாறினப்ப. அன்னிக்கு ஹால்ல ஏசி போட்டு, பாரம் அடுக்கி வச்சு, ஆபீசர் பேனாவோட உக்காந்திருந்தாரு, யாரும் வரல. டிராஃப்ட் இருக்கிற காலத்துல எழுத்துல ஆட்சேபம் கொடுத்தா அவங்க அதை பதிவு பண்ணணும், விசாரணைக்கு கூப்பிட்டா நேர்ல போய் பேசலாம். கெஜட் ஆன பிறகு அதே விசயத்தை பேசுறதுக்கு லாயர் தேவைப்படும்.

கிராண்ட்ல (நிலப் பட்டாவுல) "பங்குனான்"னு போட்டிருக்கு, பிளான்ல வேற என்னமோ கலர். எது செல்லும்?

ரெண்டும் செல்லும், அதான் தலைவலி. கிராண்ட்ல இருக்கிறது தேசிய நிலச் சட்டப்படி நிலத்தோட வகை: பெர்தானியான், பங்குனான், பெருசஹான், அதாவது விவசாயம், கட்டடம், தொழில். அதுக்குக் கீழ "ஷாரத் ஞாத்தா"ன்னு (நிலத்துக்கான நிபந்தனை) ஒரு வரி இருக்கும், அதை விட்டுறாதீங்க, மொத்த விசயமும் சில சமயம் அந்த ஒரு வரியிலதான் இருக்கும். இது லேண்ட் ஆபீஸ் சமாச்சாரம். கலர் வந்து பிளானிங் சமாச்சாரம், டிபிகேஎல் பாக்குறது. டெவலப்பருக்கு ரெண்டும் ஒத்துப் போகணும், ஒத்துப் போகலைன்னா நிலத்தோட வகையை மாத்த எழுதுவான், பிரீமியம் கட்டுவான். ஒரு இடத்துக்கு இப்படி மாத்த எழுதிப் போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டாலே அங்க ஏதோ வரப்போகுதுன்னு வச்சுக்கலாம்.

பிளாட் ரேஷியோ (plot ratio), பிளாட் ரேஷியோங்கிறாங்களே?

நிலத்தோட அளவைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்ங்கிற கணக்கு. 1 ஏக்கர்ன்னா 43,560 சதுர அடி. ரேஷியோ 4ன்னா 174,240 சதுர அடி கட்டலாம். 8ன்னா 348,480. ஒரு செங்கல்லக்கூட தொடல, மேப்புல ஒரு நம்பர் மாறுச்சு, விக்கிறதுக்கு இருக்கிற இடம் ரெண்டு மடங்கு ஆயிருச்சு. பணம் பூராவும் இந்த நம்பர்லதான் இருக்கு, கட்டடத்துல இல்ல. இப்படி ஏறுற மதிப்புல ஒரு பங்கை டெவலப்மெண்ட் சார்ஜ்னு டிபிகேஎல் வசூலிக்குது. அதனால அடர்த்தி ஏறினா கவுன்சிலுக்கும் வரவுதான்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டு அவங்க சொல்றதைக் கேளுங்க. தப்புன்னு சொல்லல, வரவு இருக்குன்னு சொல்றேன்.

பக்கத்து காலி இடத்துல கட்ட விண்ணப்பிச்சிருக்கோம்னு ஒரு போர்டு நட்டிருக்காங்க. என்ன பண்றது?

முதல்ல போன்ல ஒரு போட்டோ எடுங்க, தேதி தெரியிற மாதிரி. லொத் நம்பர், எத்தனை பிளாக், எத்தனை மாடி, என்ன யூஸ், கடைசி தேதி, இந்த அஞ்சும் தெளிவா விழணும். போர்டு பெரும்பாலும் லாலாங் புல்லுக்குள்ள, ரோட்டைப் பாக்காம திரும்பி நிக்கும், அதுக்காக சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேணாம், போட்டோ இருந்தா போதும்.

அப்புறம் கடுதாசி. இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. "எங்கள் குடியிருப்பின் அமைதி கெடும், தயவுசெய்து நிறுத்தவும்"னு எழுதினா ஃபைல்ல போட்டு மூடிருவாங்க. "இந்த லொத்துக்கு லோக்கல் பிளான்ல பொது திறந்தவெளின்னு இருக்கு, விண்ணப்பத்துல சர்வீஸ் அபார்ட்மெண்ட்னு இருக்கு, ஒரே வழி இந்த ஜாலான்தான், மழை பெஞ்சா இந்த லோங்காங் (சாக்கடை) ஏற்கனவே நிரம்பி ரோட்டுல வருது, போட்டோ இணைச்சிருக்கோம்"னு எழுதுங்க. இதுக்கு அவங்க பதில் சொல்லியாகணும். 200 பேர் ஒரே கடுதாசியில கையெழுத்து போடுறதை விட, வேற வேற காரணத்தோட இருபது கடுதாசி போனா நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஒவ்வொண்ணுலயும் ரிசீவ்ட் சாப் (பெற்றுக்கொண்ட முத்திரை) வாங்காம கவுண்டரை விட்டு நகராதீங்க.

பினாங்குல லோக்கல் பிளான் இல்லாத இடமா இருந்தா, ஆக்ட் 172 பிரிவு 21ன்படி பக்கத்து நில உரிமையாளருக்கு கவுன்சில் நோட்டிஸ் அனுப்பணும், 21 நாளுக்குள்ள ஆட்சேபம் போகணும். உரிமையாளருக்குத்தான் நோட்டிஸ், வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு வராது.

ரிம்பா கியாரா கேஸ்னு சொல்றாங்களே, அது பணக்காரங்க கேஸ் தானே?

அப்படித்தான் நம்ம ஆளுங்க நிறைய பேரு நினைக்கிறாங்க. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல இருக்கிற பூங்கா அது. 2017ல அங்க 12 ஏக்கர் சொச்சத்துல எட்டு பிளாக் சர்வீஸ் அபார்ட்மெண்ட், கூட 350 யூனிட் விலை குறைஞ்ச வீடு கட்ட டத்தோ பண்டார் (கேஎல் மேயர்) அனுமதி கொடுத்தாரு. சுத்தி இருக்கிற காண்டோ நிர்வாகங்களும் குடியிருப்பாளர்களும் கோர்ட்டுக்குப் போனாங்க. ஹை கோர்ட்டுல தோத்தாங்க. 2021 ஜனவரியில மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து பண்ணுச்சு, 2023 ஏப்ரல் 18ல கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்திருச்சு.

தீர்ப்புல நமக்கு உபயோகமானது மூணு விசயம். கெஜட் ஆன ஸ்ட்ரக்சர் பிளான் சும்மா அலமாரியில வைக்கிற புத்தகம் இல்ல, அதுல இருந்து விலகினா டத்தோ பண்டார் காரணம் சொல்லணும். அனுமதி கொடுக்கிறவரே நிலத்துல சம்பந்தப்பட்ட அறவாரியத்துலயும் உக்காந்திருந்தா அது நலன் முரண். அப்புறம் பிளாட், காண்டோ நிர்வாகக் கமிட்டிக்கு குடியிருப்பாளர் சார்பா கோர்ட்டுக்கு வர உரிமை உண்டு. இந்த மூணாவது செந்தூல் பிளாட்டுக்கும்தான்.

ஆனா அந்த பூங்கா ஓரமா யாரு இருந்தாங்க தெரியுமா? புக்கிட் கியாரா தோட்டத்துல பால்மரம் வெட்டுன நம்ம குடும்பங்க. தோட்டம் போன பிறகு 1980கள்ல தற்காலிகம்னு சொல்லி ரூமா பாஞ்சாங்ல (வரிசை வீட்டுல) கொண்டு வந்து வச்சாங்க. தற்காலிகம்ங்கிறது பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நீண்டுருச்சு. அந்த 350 யூனிட்டுல தங்களுக்கு வீடு கிடைக்கும்னு இருந்தவங்களுக்கு, பூங்காவைக் காப்பாத்தின தீர்ப்பு எப்படி இருந்திருக்கும்? என்னைக் கேட்டா, பூங்கா வேணுமா தோட்டக் குடும்பத்துக்கு வீடு வேணுமான்னு ரெண்டையும் மோத விட்டதே அநியாயம். ரூமா பாஞ்சாங் இருந்த துண்டு நிலத்துலயே அவங்களுக்கு வீடு கட்டிக் கொடுங்க, அதுக்காக எட்டு பிளாக் எதுக்குன்னு பூங்காவுக்காக நின்னவங்களும்தான் கேட்டாங்க.

நாங்க அறுபது வருசமா இங்கதான் இருக்கோம். நிலம் எங்களுக்கு பாத்தியதை ஆகாதா?

ஆகாது. இதை மென்னு முழுங்காம நேராவே சொல்லிடுறேன். அரசாங்க நிலத்துல எத்தனை தலைமுறை இருந்தாலும் அதனாலயே உரிமை வராதுன்னு தேசிய நிலச் சட்டம் பிரிவு 48 சொல்லுது. தனியார் நிலத்துக்கும் அதே கதைதான், பிரிவு 341. தாத்தா காலத்து டிஓஎல் (தற்காலிக நில உரிமம்) ரசீதை பத்திரமா பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சிருப்பாங்க, எனக்கு அதைப் பாக்கவே கஷ்டமா இருக்கும். டிஓஎல் ஒவ்வொரு வருசக் கடைசியோட முடியிற லைசென்சு, பேர்ல இருக்கிறவர் இறந்தா அதோட தீந்துச்சு, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது.

பினாங்கு கம்போங் புவா பாலா ஞாபகம் இருக்கா? குளுகோர்ல, மாடும் ஆடும் வச்சு பால் வித்த நம்ம சனங்களோட கிராமம், ஹை சாப்பரல்னு கூட பேரு. பழைய பிரவுன் குடும்பத்து எஸ்டேட் நிலம், பின்னாடி மாநில அரசாங்கத்துக்குப் போயி, அங்க இருந்து அரசாங்க அதிகாரிங்க கூட்டுறவு சங்கத்துக்குப் போயி, டெவலப்பர் வந்துட்டான். 2009ல கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போயும் நிக்கல, அந்த செப்டம்பர்ல வீடுங்களை உடைச்சாங்க. பேச்சுவார்த்தைக்கு வந்தவங்களுக்கு அங்கேயே இரட்டை மாடி டெரஸ் வீடு கிடைச்சுது. நிலம் கைமாறுன அந்த வருசங்கள்லயே யாராச்சும் லேண்ட் ஆபீஸ்ல சாரியான் (நிலம் யார் பேர்லன்னு பதிவுத் தேடல்) போட்டுப் பாத்திருந்தா பேரம் பேச இன்னும் நேரம் இருந்திருக்கும்.

கோயில்?

சாரியான் போடுங்க, இன்னிக்கே. நிறைய கோயிலு தோட்டக் காலத்துலயோ ரயில்வே காலத்துலயோ கட்டினது, அன்னிக்கு தொரை சரின்னாரு, எழுத்துல ஒண்ணும் இல்ல, அப்புறம் நிலம் மட்டும் கைமாறிக்கிட்டே போகும். ஜாலான் மஸ்ஜித் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விசயம் அப்படித்தான். நூறு வருசத்துக்கு மேல பழசு, நிலத்தை டிபிகேஎல் 2014ல ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு வித்துருச்சு, ஊருக்கெல்லாம் விசயம் பெருசா தெரிஞ்சது 2025ல. கடைசியில பக்கத்துலயே வேற இடத்துக்கு மாறுறதா முடிவாச்சு.

இன்னொரு காரியம் உண்டு, யாரும் செய்யறதில்ல. லோக்கல் பிளான் மேப்புல உங்க கோயில் வழிபாட்டுத் தலம்னு குறிச்சிருக்கான்னு பாருங்க. வெறுமன வீடு, கடை கலர்ல இருந்தா, அடுத்த தடவை பிளானைத் திருத்துறப்ப எழுதிக் கொடுங்க. மேப்புல வர்றதால நிலம் சொந்தமாகிடாது, ஆனா அங்க ஒரு கோயில் இருக்குன்னு தெரியாதுன்னு நாளைக்கு எந்த ஆபீசரும் சொல்ல முடியாது.

எங்க பிளாட்டை இடிச்சு புதுசு தர்றோம்ங்கிறாங்க. எல்லாரும் கையெழுத்து போடணுமா?

ஸ்ட்ராட்டா டைட்டில் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பட்டா) இருக்கிற கட்டடம்னா 1985 ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் சட்டம் பிரிவு 57 இருக்கு, மொத்தமா கலைக்கணும்னா ஒருத்தர் விடாம எல்லா உரிமையாளரும் ஒத்துக்கணும். ஒரு வீட்டுக்காரர் மாட்டேன்னா நின்னுச்சு. இதை மாத்தத்தான் நகர்ப்புற மறுசீரமைப்பு மசோதா 2025 ஆகஸ்ட்ல மக்களவைக்கு வந்தது. அதுல இருந்த கணக்கு: 30 வருசமோ அதுக்குக் கம்மியோ ஆன கட்டடத்துக்கு 80 விழுக்காடு, 30 வருசம் தாண்டினதுக்கு 75, கைவிடப்பட்டதுக்கு 51. எதிர்ப்பு பலமா இருந்ததால அப்ப விவாதத்தை ஒத்தி வச்சிட்டாங்க. இது சம்பந்தமா அரசாங்கம் அடையாளம் காட்டின 534 இடத்துல 139 கேஎல்லதான், அதனால இந்தப் பேச்சு நம்ம பக்கம் திரும்பத் திரும்ப வரும்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. லிஃப்ட் ஓடாத, கூரை ஒழுகுற, பராமரிப்புப் பணம் பாதிப் பேரு கட்டாத பிளாட்டுல, ஃபாரின்ல இருக்கிற ஒரு ஓனர் பதில் போடாததால மத்த எல்லாரும் மாட்டிக்கிறாங்க. அதே நேரம் 75 விழுக்காடுன்னா மீதி 25ல இருக்கிறது யாரு? பென்சன்ல இருக்கிற பாட்டி, கடன் முழுசா கட்டி முடிச்சவங்க, இனிமே பேங்க் கடன் கிடைக்காத வயசுக்காரங்க.

அப்புறம், வாடகைக்கு இருக்கிறவங்க இந்த விழுக்காட்டுல எங்கேயும் வரமாட்டாங்க. பழைய பிளாட்டுகள்ல நம்ம குடும்பங்க பாதிக்கு மேல வாடகைதான்னு பாக்குறப்ப தோணுது. ஓனர் கையெழுத்து போட்டுட்டு புது வீடு வாங்கிக்குவாரு, வாடகைக்காரர் வேற பிளாட் தேடணும்.

கையெழுத்து வாங்க வர்றப்ப என்ன கேக்கணும்?

முதல் கேள்வி, புது வீடு எத்தனை சதுர அடி, அதுக்கு நான் மேல எவ்வளவு போடணும். ரெண்டாவது, கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகை யாரு தர்றது, லேட் ஆனா யாரு தர்றது, கம்பெனி பாதியில படுத்துட்டா என்ன. இதெல்லாம் எல்லாரும் கேப்பாங்க. யாரும் கேக்காதது மாசாமாசம் கட்டுற பராமரிப்பு. சதுர அடிக்கு 35 சென்னு வச்சுக்குவோம், 800 சதுர அடிக்கு மாசம் 280 வெள்ளி, அதுக்கு மேல சிங்க்கிங் ஃபண்ட் (பெரிய ரிப்பேருக்கு சேத்து வைக்கிற நிதி). பழைய பிளாட்டுல 50 வெள்ளி கட்டவே முக்கிக்கிட்டு இருந்தவங்க நீச்சல் குளத்துக்கு காசு கட்டணும். ஓசியில புது வீடு கிடைச்சும் ரெண்டு மூணு வருசத்துல வித்துட்டுப் போறவங்க இதனாலதான் போறாங்க.

நல்ல மாதிரியும் இருக்கு. சுங்கை பீசி பக்கம் ரசாக் மேன்ஷன்ல பக்கத்துலயே புதுசை முதல்ல கட்டி, சனங்களை நேரா அங்க மாத்திட்டு, அப்புறம்தான் பழசு. நடுவுல வாடகை வீடு தேடி அலைய வேண்டியதில்ல. உங்க டெவலப்பர்கிட்ட அதே மாதிரி முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா ஏன்னு எழுத்துல கேளுங்க.

கேட்டரிங் வச்சு, பை கொடுத்து கூட்டம் போடுற அன்னிக்கு மட்டும் கையெழுத்து வேணாம். பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிள்ளைங்க படிக்கட்டும்.

கவர்மெண்டே நிலத்தை எடுத்துக்க முடியுமா?

முடியும். 1960 நில எடுப்புச் சட்டம். பொதுக் காரியத்துக்கு மட்டும்தான்னு இருந்ததை 1991ல திருத்தி, பொருளாதார வளர்ச்சிக்கு உதவுற காரியத்துக்கும் எடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க, அதனால எல்ஆர்டி லைனுக்கு எடுக்கிறதும் நடக்கும், வேற மாதிரியும் நடக்கும். போதுமான நஷ்டஈடு இல்லாம எடுக்கக் கூடாதுன்னு அரசியலமைப்பு 13ஆவது பிரிவு சொல்லுது, சண்டை எப்பவும் அந்த "போதுமான"ல தான்.

போராங் (பாரம்) ஈ வந்தா விசாரணை, கண்டிப்பா போகணும், தனியா வேல்யுவர் வச்சு மதிப்பு போட்டு எடுத்துட்டுப் போங்க. போராங் ஜி, எச் வந்தா தொகை முடிவாயிருச்சு. பத்தலைன்னா பணத்தை புரோட்டெஸ்ட்னு குறிச்சு வாங்கிட்டு, போராங் என் போட்டு கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லணும். விசாரணையில நீங்க இருந்திருந்தா தொகை முடிவான தேதியில இருந்து ஆறு வாரம்தான் கெடு. போராங் கே வந்தா நிலம் போயிருச்சு.

பினாங்கு மட்டும் பழசை காப்பாத்தி வச்சிருக்கே, கேஎல்லால ஏன் முடியல?

ஜார்ஜ்டவுன்ல கட்டடம் பிழைச்சதுக்கு பாதி காரணம் 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை ஏத்த முடியாது, அதனால இடிக்கவும் யாருக்கும் ஆசை வரல. 1997ல அதை ரத்து பண்ண சட்டம் வந்து, 2000 பொறந்ததும் கட்டுப்பாடு முழுசா போச்சு, தலைமுறையா கீழ கடை மேல வீடுன்னு இருந்தவங்க கிளம்ப வேண்டியதாச்சு. 2008 ஜூலை 7ல யுனெஸ்கோ பட்டியல், உள் வட்டம் 109 ஹெக்டேர், அங்க 18 மீட்டருக்கு மேல கட்ட முடியாது. கட்டடம் காப்பாத்தினாங்க, நிஜம். உள்ள இருந்த மாவு மில்லு, தையக்காரரு, அச்சாபீசு எல்லாம் போயி ஹோட்டலும் காப்பிக் கடையும் வந்துருச்சு. லெபோ பசார் பக்கம் லிட்டில் இந்தியாவுல இன்னும் உசுரு இருக்குன்னா, யாவாரிங்க விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கிறதாலதான்.

பிரிக்பீல்ட்ஸ்ல கதை தலைகீழ். ரயில்வே யார்டு இருந்த 72 ஏக்கர்ல கேஎல் சென்ட்ரல், 2001ல ஸ்டேஷன் திறந்தாங்க. நிலத்தோட மதிப்பு எகிறிருச்சு. 2010 அக்டோபர்ல அலங்கார வளைவெல்லாம் வச்சு லிட்டில் இந்தியான்னு திறந்து வச்சப்ப, ரயில்வே குடும்பங்கள்ல நிறைய பேரு எப்பவோ கிளாங், பூச்சோங் பக்கம் போயிட்டாங்க.

ஓட்டு போட்டு டத்தோ பண்டாரை மாத்த முடியாதா?

முடியாது, நியமனம். உள்ளாட்சித் தேர்தலை 1965ல நிறுத்தினாங்க, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோட அந்தக் கதை முடிஞ்சுது. கேஎல்லுக்கு சட்டமன்றமும் கிடையாது, 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான். அதனால உங்க எம்பி சேவை மையத்துக்குப் போறப்ப புலம்பலோட போகாதீங்க, லொத் நம்பர், போர்டு போட்டோ, சாப் அடிச்ச கடுதாசி காப்பியோட போங்க.

லாயர் எப்ப வைக்கணும்?

அனுமதி கொடுத்துட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே. ஜுடிஷியல் ரிவியூ (அந்த முடிவு சரியான்னு கோர்ட்டைப் பாக்கச் சொல்ற மனு) போட 3 மாசம்தான் கெடு, முடிவு உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து எண்ணுவாங்க. கமிட்டி தேர்தல் முடியட்டும், தீபாவளி போகட்டும்னு இருந்தா அதுலயே ரெண்டு மாசம் ஓடிரும்.